வைக்கோற்போரும் வட்டுக்கோட்டையும்

மாணவப் பருவத்துச் சமயப் பற்றை ஐயத்தோடு நோக்குவது நம் கல்விப்புலத்தாரின் வழக்கமாகிவிட்டது. விடுதி அறையில் மாலைதோறும் கூடி வேதாகமம் வாசிக்கும் இளைஞரைக் கண்டு 'நாலு நாள் வேகம்' என்று நகைப்போர் ஒருபுறம். அந்த வேகத்தை உடனே ஆள்கணக்காக மாற்றிவிடத் துடிக்கும் ஊழியக் குழுவினர் மறுபுறம். மாணவரின் விசுவாசம் எப்படி வளர்கிறது என்பதை இரு சாராருமே கவனிப்பதில்லை என்பது நம் எண்ணம். தமிழ் இலக்கிய வாசகருக்கும் உறவுடைய ஒரு வரலாறு இதற்குச் சான்று.

1806 ஆகஸ்டில், அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் மாநிலத்து வில்லியம்ஸ் கல்லூரி மாணவர் ஐவர் திறந்தவெளியில் ஜெபிக்கச் சென்றனர். இடிமழை பிடித்துக்கொள்ளவே ஒரு வைக்கோற்போரின் ஓரத்தில் ஒதுங்கினர். ஆசிய நாடுகளுக்கு நற்செய்தியைக் கொண்டுசெல்வது பற்றி அங்கே பேசினர், ஜெபித்தனர். சாமுவேல் மில்ஸ் அவர்களுள் முதன்மையானவர். மழைநேரப் பேச்சாகவே இது முடிந்திருக்கலாம். ஆனால் 1808இல் மில்ஸும் நண்பர்களும் கல்லூரிக்குள் ஓர் இரகசியச் சங்கம் அமைத்தனர். அதன் விதிகளைச் சங்கேத எழுத்தில் எழுதிவைத்தனர். (இன்றாயின் முதல் நாளே பதாகை கட்டியிருப்பார்கள்.) பின்னர் ஆண்டோவர் இறையியற் கல்லூரியில் சேர்ந்து பயின்றனர். தங்களை வெளிநாட்டு ஊழியத்திற்கு அனுப்புமாறு 1810இல் திருச்சபைப் பெரியோரிடம் ஆண்டோவர் மாணவர்கள் விண்ணப்பித்தபோது, வைக்கோற்போர் ஐவருள் ஒருவரான ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸின் பெயர் அதிலிருந்து நீக்கப்பட்டது. இத்தனை பேரா என்று பெரியவர்கள் மிரண்டுவிடக் கூடாதாம்! அவ்விண்ணப்பத்தின் விளைவாகப் பிறந்ததே 'அமெரிக்கன் மிஷன்' என்று தமிழர் அறிந்த அமைப்பு.

பெயர் நீக்கப்பட்ட அந்த ரிச்சர்ட்ஸ்தான் 1816இல் யாழ்ப்பாணம் வந்து வட்டுக்கோட்டையில் தங்கினார். 1822இல் நோயுற்று யாழ்ப்பாண மண்ணிலேயே மறைந்தார். ஆறே ஆண்டுகள். இன்றைய ஊழிய அறிக்கைகளின் முறைப்படி அவர் பெயருக்கு நேரே எந்த எண்ணை எழுதுவது?

அவர் மறைந்த மறு ஆண்டு, அதே வட்டுக்கோட்டையில் டானியல் பூவர் தலைமையில் செமினரி தொடங்கிற்று. அங்குப் பயின்ற ஹென்றி மார்ட்டினும் சேத் பேசனும் 1841இல் 'உதயதாரகை' இதழுக்கு ஆசிரியராயினர். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகத் தேறிய சி. வை. தாமோதரம்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை இருவரும் அந்தச் செமினரி மாணவர்களே. மிஷனைச் சேர்ந்த வின்ஸ்லோ 1862இல் வெளியிட்ட அகராதியை நாம் இன்றும் புரட்டுகிறோம்.

எனினும் செமினரி 1855இலேயே மூடப்பட்டது. மிஷனின் செயலாளர் ரூபஸ் அண்டர்சன் நேரில் வந்து பார்த்த ஆண்டு அது. ஆங்கிலம் படித்தவர்கள் அரசாங்க உத்தியோகத்திற்குப் போய்விடுகிறார்கள், ஊழியத்திற்குப் போதிய ஆட்கள் கிடைக்கவில்லை என்பது குறைபாடு. கல்வி தாய்மொழியில் அமைய வேண்டும் என்று அவர் வாதிட்டதில் நியாயம் உண்டு. தமிழாசிரியராகிய நாம் அதை மறுப்பதற்கில்லை. ஆனால் முப்பதாண்டுப் பயிரைத் தலைக்கணக்குப் பார்த்துப் பிடுங்கியதை நம்மால் ஏற்க இயலவில்லை. தாமோதரம்பிள்ளை சைவராக வாழ்ந்தார். மிஷன் கணக்கில் அவர் நட்டம். 1887இல் அவர் பதிப்பித்த கலித்தொகையோ தமிழ் படிப்போர் அனைவருக்கும் வரவு.

'விசுவாசத்தின் பலன் கலித்தொகைப் பதிப்புத்தானா?' என்று கிறித்தவ நண்பர்கள் வினவக்கூடும். அல்ல. பலனை அளக்கும் கோல் நம்மிடம் இல்லை; ஊழியக் குழுக்களிடமும் இல்லை என்றே சொல்கிறோம். ரிச்சர்ட்ஸிடம் நாம் காணும் வளர்ச்சி வேறு. பட்டியலில் பெயர் இல்லாதபோதும் அவர் விலகவில்லை. ஆண்டுக்கணக்கில் படித்தார், காத்திருந்தார். பிறகு அயலாரின் ஊரில் தங்கி, பிள்ளைபோல் அவர்கள் மொழியின் அரிச்சுவடியிலிருந்து தொடங்கினார். விசுவாசம் முதிர்வது இத்தகைய தாமதத்தில்தான் என்று தோன்றுகிறது.

கோடை விடுமுறையில் பத்து நாள் ஊழியப் பயணமாக மலைக்கிராமங்களுக்குச் சென்றுவரும் மாணவர்கள் நம் வகுப்புகளிலும் உண்டு. நல்ல பிள்ளைகள். திரும்பியதும் எத்தனை வீடு, எத்தனை பேர் என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். அந்த ஊர்ப் பாட்டி ஒருத்தியோடு அவள் மொழியில் கால்மணி நேரம் பேச முடிந்ததா என்று கேட்டால் விழிக்கிறார்கள். அடுத்த கோடையில் வேறு மலைக்கு அனுப்பாமல், அதே ஊருக்கே, வெறும் மொழி கற்க மட்டும் அவர்களை அனுப்பும்படி குழுப் பொறுப்பாளர்களிடம் சொல்லியிருக்கிறோம். அறிக்கையில் என்ன எழுதுவது என்று கேட்டார்கள்.