11 உயிர் கொடுத்து வாங்கிய மூடி!

1904-ம் ஆண்டு மார்ச் மாதம் 18-ந் தேதி. இங்கிலாந்தின் தென் கரையில் போர்ட்ஸ்மவுத் துறைமுகம் இருக்கிறது. அதற்கு வெளியே, கடலில் ஒரு போர் ஒத்திகை நடந்தது.

"ஜூனோ" என்ற போர்க்கப்பல் வரும். அதைத் தாக்குவதுபோல் நடிக்க வேண்டும். இதுதான் ஒத்திகை. தாக்கப் போனது ஒரு சிறிய நீர்மூழ்கிக் கப்பல். அதற்குப் பெயர்கூடக் கிடையாது. "ஏ-1" என்ற எண்தான். அதற்குள் 11 பேர் இருந்தார்கள்.

அந்த 11 பேரில் ஒருவர்கூட உயிரோடு திரும்பவில்லை!

எதிரியின் குண்டு பட்டா இறந்தார்கள்? இல்லை. அப்போது போரே இல்லை.

என்ன நடந்தது?

ஏ-1 தண்ணீருக்குள் இருந்தது. பெரிஸ்கோப் என்ற பார்வைக் குழாய் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு இருந்தது. உள்ளே இருந்தவர்களின் கவனம் எல்லாம் ஜூனோ மீதே இருந்தது.

அந்த நேரத்தில் "பெர்விக் காசில்" என்ற பயணிகள் கப்பல் அந்த வழியாக வந்தது. சவுதாம்ப்டனில் இருந்து ஜெர்மனியின் ஹாம்பர்க் நகருக்குப் போகும் கப்பல் அது. நேராக வந்து ஏ-1 மீது மோதியது.

ஏதோ ஒத்திகைக் குண்டு தட்டிவிட்டது என்றுதான் பயணக் கப்பலில் இருந்தவர்கள் நினைத்தார்கள். தங்களுக்குக் கீழே 11 பேர் மூழ்குவது அவர்களுக்குத் தெரியாது!

ஒரே ஒரு மூடி

நீர்மூழ்கிக் கப்பலின் முதுகில் ஒரு சிறிய கோபுரம் உண்டு. ஆட்கள் அதன் வழியாகத்தான் ஏறி இறங்குவார்கள். ஏ-1-ன் கோபுரத்துக்கு உச்சியில் மட்டுமே மூடி இருந்தது. கோபுரத்தின் அடியில் மூடி கிடையாது.

மோதிய வேகத்தில் கோபுரம் உடைந்தது. அடியில் தடுக்க ஒன்றும் இல்லை. தண்ணீர் குபுகுபு என்று கப்பலுக்குள் பாய்ந்தது. அவ்வளவுதான்!

இதற்குப் பிறகு பிரிட்டிஷ் கடற்படை ஒரு வேலை செய்தது. இனிக் கட்டும் எல்லா நீர்மூழ்கிகளுக்கும் கோபுரத்தின் அடியிலும் ஒரு மூடி வைத்தது.

நல்ல காரியம்தான். ஆனால், நாம் ஒன்று கேட்கிறோம். 11 பேர் சாவதற்கு முன்பே இந்த யோசனை ஏன் வரவில்லை?

"அது புதுக் கப்பல். அனுபவம் போதாது" என்று சிலர் சொல்லலாம். அதில் உண்மை இருக்கிறது. இங்கிலாந்து தானே வடிவமைத்த முதல் நீர்மூழ்கி அதுதான். 1902-ல் பாரோ நகரில் விக்கர்ஸ் கம்பெனியில் கடலில் இறக்கப்பட்டது. அதற்கு முன்பு கட்டிய ஐந்தும் ஹாலண்டு என்பவரின் வடிவத்தைப் பார்த்துக் கட்டியவை.

சரி, முதல் தவறை மன்னிப்போம். அடுத்து நடந்ததை எப்படி மன்னிப்பது?

திரும்பத் திரும்ப!

1909-ல் "சி-11" என்ற நீர்மூழ்கி மீது ஒரு சரக்குக் கப்பல் மோதியது. 13 பேர் மாண்டார்கள். 1912-ல் "ஏ-3" மீது "ஹசார்டு" என்ற கடற்படைக் கப்பலே மோதியது. 14 பேர் மாண்டார்கள்.

மூடி போட்டார்கள். மோதலை நிறுத்தவில்லை!

பெட்ரோல் கதையும் இதேதான். அந்தக் கால நீர்மூழ்கிகளில் பெட்ரோல் இஞ்சின் இருந்தது. மூடிய இடத்தில் பெட்ரோல் ஆவி சேர்ந்தால் என்ன ஆகும்? ஒரு பொறி போதும். 1905-ல் அயர்லாந்தில், குயின்ஸ்டவுன் துறைமுகத்தில் "ஏ-5" வெடித்தது. 6 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகும் 1910 வரை பெட்ரோல் நீர்மூழ்கிகளைக் கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆபத்துக் குறைந்த டீசல் இஞ்சின் 1908-ல் வந்த "டி" வகைக் கப்பல்களில்தான் இடம் பிடித்தது.

கடைசிப் பயணம்

மூழ்கிய ஏ-1 என்ன ஆயிற்று? ஒரு மாதத்தில் அதைத் தூக்கினார்கள். பழுது பார்த்து மறுபடியும் கடலில் விட்டார்கள். 1910-ல் அதிலும் பெட்ரோல் ஆவி வெடித்தது!

பிறகு அதைச் சோதனைக்கு வைத்துக்கொண்டார்கள். 1911-ல் ஆள் யாரும் இல்லாமல் தானாக ஓடும்படி செய்து தண்ணீருக்குள் அனுப்பினார்கள். போனது போனதுதான். 78 ஆண்டுகள் கழித்து, 1989-ல் ஒரு மீனவர் கண்டுபிடித்தார்.

இரண்டாம் முறை மூழ்கியபோது ஒரு உயிரும் போகவில்லை. காரணம், உள்ளே யாரும் இல்லை!

இறந்தவர்களின் நினைவுச் சின்னம் ஹாஸ்லர் கடற்படைக் கல்லறையில் இருக்கிறது. ஆனால், அவர்களுக்கு உண்மையான நினைவுச் சின்னம் அந்த இரண்டாவது மூடிதான்.

பாதுகாப்பு விதிகளைத் தொல்லை என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த விதி ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரோ ஒருவர் வீடு திரும்பாத நாள் இருக்கும். ஒருவர் செத்த பிறகு வரும் அறிவும் அறிவுதான். ஆனால், அதற்குக் கொடுக்கும் விலை அதிகம். அந்த விலையைக் கொடுத்த பிறகும் பாடத்தைப் பாதி மட்டும் படிப்பது, செத்தவர்களை இன்னொரு முறை சாகடிப்பதாகும்!