மிலானின் கோடையும் நம் முகத்து நிறமும்

நம் நாட்டில் கோடைக்காலம் எப்போது வரும் என்று யாராவது கேட்டால் நமக்குச் சிரிப்புத்தான் வரும். போனால்தானே வருவதற்கு! ஆண்டு முழுவதும் நண்பகலில் 30 பாகை செல்சியசைத் தாண்டும் வெயில், இடையிடையே பருவமழை. ஆயினும், கோலாலம்பூர் பேரங்காடிகளில் ‘இளவேனில்-கோடை’ என்று எழுதி ஆடைகளைத் தொங்கவிடுகிறார்கள். ஆண்டிறுதியில் பஞ்சைப் பனியாகத் தூவிக் கம்பளிச் சட்டைகளை அடுக்குகிறார்கள். நாமும் வேடிக்கை பார்க்கிறோம். சில வேளைகளில் வாங்கியும் விடுகிறோம்.

இந்தக் கோடை எங்கே தீர்மானிக்கப்படுகிறது? ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் நியூயார்க், லண்டன், மிலான், பாரிஸ் ஆகிய நான்கு நகரங்களில் ஆடை அலங்கார அணிவகுப்புகள் அடுத்தடுத்து நடைபெறுகின்றன. அடுத்த கோடைக்கு எந்த நிறம், எந்த வெட்டு, எத்தகைய ஒப்பனை என்பதெல்லாம் ஆறு மாதத்திற்கு முன்பே அந்த மேடைகளில் காட்டப்பட்டுவிடும். ஆண்களுக்கான அணிவகுப்பு இன்னும் முன்னதாக, ஜூன் மாதத்திலேயே நடக்கும்.

அப்படித்தான் 2025 ஜூனில் மிலானில் பிராடா நிறுவனம் 2026ஆம் ஆண்டு கோடைக்கான ஆண்கள் ஆடைகளை மேடையேற்றியது. அதில் நடந்து வந்தவர்களின் காலில் இருந்தது அச்சு அசலாகக் கோலாப்பூர் செருப்பு. மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் தலைமுறை தலைமுறையாகக் கையால் செய்யப்படும் அச்செருப்பு, 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. மேடையிலோ அது வெறும் ‘தோல் செருப்பு’. கண்டனம் எழுந்த பிறகே, இந்தியக் கைவினையின் தாக்கம் அதில் உண்டு என்று அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது.

இச்செய்தியை விடுதி அறையில் தோழியரோடு பேசியபோது எங்கள் அனைவருக்கும் கோபம் வந்தது. நியாயமான கோபந்தான். ஆனால், அன்றிரவு எனக்கு வேறொன்று உறுத்தியது. செருப்புக்காக இவ்வளவு பொங்குகிறோமே, நம் தோலுக்காக என்றாவது பொங்கியிருக்கிறோமா?

மேற்கத்திய நாடுகளில் கோடைதோறும் திரும்பி வரும் ஓர் ஒப்பனை உண்டு. வெயிலில் காய்ந்து பழுத்தது போன்ற பழுப்பு நிறம்! அதற்கென்றே பிரான்சர் பூசுகிறார்கள். உடல் முழுவதும் சாயம் தெளித்துக்கொள்கிறார்கள். டைஹைட்ராக்சி அசிட்டோன் என்னும் பொருள் தோலின் மேற்பரப்பிலுள்ள இறந்த அணுக்களோடு வினைபுரிந்து பழுப்பாக்குகிறது. ஒரு வாரத்தில் அந்நிறம் மங்கிவிடும். மீண்டும் பூச வேண்டும்.

ஐரோப்பாவிலும் ஒரு காலத்தில் வெளுத்த தோலே மேன்மையாகக் கருதப்பட்டது. வயலில் வேலை செய்பவர்தாம் கறுத்திருந்தார்கள். பின்னர் உழைப்பாளிகள் ஆலைகளுக்குள்ளும் அலுவலகங்களுக்குள்ளும் அடைந்தனர். கடற்கரையில் ஓய்வெடுக்க வசதி உள்ளவரே வெயிலில் பழுப்பேற முடிந்தது. 1920களிலிருந்து பழுப்பு நிறம் பணக்கார நிறமாயிற்று. ஆக, நிறத்திற்கு மதிப்பு கொடுப்பது அழகு அன்று, பணம்தான்.

நாமோ அவர்கள் காசு கொடுத்து ஏற்றிக்கொள்ளும் நிறத்தைக் காசு கொடுத்து இறக்கப் பார்க்கிறோம். 1975இல் இந்தியாவில் அறிமுகமான ஃபேர் அண்ட் லவ்லி, 2020இல் குளோ அண்ட் லவ்லி ஆனது. ‘வெண்மை’ போய்ப் ‘பொலிவு’ வந்தது. பெயர் மாறிவிட்டது, நம் எண்ணம் மாறியதா? நம் சுகாதார அமைச்சு, பாதரசமும் ஹைட்ரோகுவினோனும் கலந்த முகப்பசைகளின் பெயர்களை அவ்வப்போது வெளியிட்டு எச்சரிக்கிறது. பாதரசம் தோலில் நிறமி உருவாவதைத் தடுக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். அப்படியிருந்தும் இரவுச் சந்தையில் சிட்டை இல்லாத டப்பிகளை வாங்குவோர் நம்மிடையே உண்டு.

இடைநிலைப்பள்ளியில் என்னை ‘ஹீத்தாம்’ என்று கூப்பிட்டவர்களை இன்னும் மறக்கவில்லை. ஆனால், உண்மையைச் சொல்லவேண்டும். ‘கருப்பி’ என்ற சொல்லை நான் முதன்முதலில் கேட்டது வேற்றினத்தார் வாயிலிருந்து அன்று. சொந்த அத்தையின் வாயிலிருந்துதான். தமிழ்ப்பள்ளி நாடகத்தில் இலட்சுமி வேடம் எப்போதும் சிவப்பாக இருக்கும் பிள்ளைக்கே போகும். வசனம் மனப்பாடமாகத் தெரிந்த நான் திரைக்குப் பின்னால் நின்று எடுத்துக்கொடுப்பேன்.

சென்ற ஆண்டு நம் கலை இரவில் நானும் ஆடினேன். ஒப்பனை முடிந்தபோது முகம் ஒரு நிறமாகவும் கழுத்தும் கையும் வேறு நிறமாகவும் இருந்தன. “மேடை விளக்குக்கு இப்படித்தான் போடணும்” என்றார்கள், பேசாமல் இருந்துவிட்டேன். நிழற்படத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாட்டியிடம் காட்டினேன். நாற்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர் அவர். படத்தை அருகில் வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார். “இதுல நீ எதும்மா?” என்று கேட்டார். பாட்டிக்குக் கண் மங்கவில்லை. அந்தப் படத்தில் அவருடைய பேத்தி இல்லை, அவ்வளவுதான்.

“ஒப்பனை அவரவர் விருப்பம், இதில் தலையிட நீ யார்?” என்று சிலர் கேட்கலாம். உண்மை. எவருடைய முகப்பசையையும் பிடுங்க நான் வரவில்லை. மேடை விளக்குக்கு ஒப்பனை தேவை என்பதையும் மறுக்கவில்லை. ஆனால், கண்ணையும் புருவத்தையும் எடுத்துக்காட்டுவது வேறு. ஆளையே மாற்றுவது வேறு. ‘நம் நிறத்துக்குப் பொருந்தும் மாவு கிடைப்பதில்லை’ என்ற சாக்கும் இனிச் செல்லாது. 2017இல் ரிஹானாவின் ஃபெண்டி பியூட்டி 40 நிறங்களில் முகமாவை வெளியிட்ட பிறகு மற்ற நிறுவனங்களும் கருநிறங்களைச் சேர்க்கத் தொடங்கின. வாங்க ஆள் உண்டு என்று தெரிந்தால் கடைக்காரர் கொண்டுவந்து வைப்பார். நாம் கேட்பதே இல்லை.

எனவே, நம் மொழிக் கழகத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். அடுத்த கலை இரவில் ஒப்பனைக் கலைஞரிடம், கழுத்தின் நிறத்திற்கேற்ப முகத்திற்குப் பூசும்படி முன்கூட்டியே சொல்லுங்கள். நாயகி வேடத்தைக் குரலையும் பாவத்தையும் பார்த்துக் கொடுங்கள். ஆண்டு மலருக்கான படங்களைக் கணினியில் வெளுக்காமல் அப்படியே அச்சிடுங்கள். இவற்றுக்குக் காசு செலவில்லை. மிலானின் அனுமதியும் தேவையில்லை.

செருப்பை எடுத்துக்கொண்டவர்களிடம் கடிதம் எழுதி நியாயம் கேட்கலாம். நம் நிறத்தை நாமே விட்டுக்கொடுத்தால் யாரிடம் போய்க் கேட்பது? அடுத்த ஆண்டுப் படத்தில், கேட்காமலேயே என் பாட்டி என்னை அடையாளம் காணவேண்டும். உங்கள் பாட்டி உங்களையும்தான்.