‘கரண்ட்’ வைத்தும் கட்டி ஏன் திரும்ப வருகிறது? அந்த 30 நாள் பஸ் செலவையும் பேசுவோம்

கயத்தாறு பக்கம் யாருக்காவது மூளையில் கட்டி என்றால், “ஆபரேஷன் முடிஞ்சது, அடுத்து கரண்ட் வைக்கணுமாம்” என்பார்கள். கதிர்வீச்சு சிகிச்சைக்கு நம்ம ஊர்ப் பெயர் அது. ஷாக் அடித்ததும் கட்டி கருகிவிடும் என்ற எதிர்பார்ப்பும் அந்தப் பெயரோடு சேர்ந்தே வந்துவிடுகிறது.

உண்மையில் எதுவும் கருகுவதில்லை. கதிர், செல்லுக்குள் இருக்கும் டிஎன்ஏ இழைகளை அறுக்கிறது. அடிபட்ட செல் உடனே சாகாது. அடுத்து இரண்டாகப் பிரியப் பார்க்கும்போதுதான் பெரும்பாலும் சாகும். பக்கத்து நல்ல செல்லுக்கும் அடி விழும், ஆனால் இடைவெளி கொடுத்தால் அது ஓரளவு தேறிக்கொள்ளும். அதனால்தான் கிளியோபிளாஸ்டோமா என்ற வீரியமான கட்டிக்கு வழக்கமாக 60 கிரே கதிரை 30 தவணையாக, வாரம் 5 நாள் வீதம் 6 வாரம் கொடுக்கிறார்கள். “ஒரே நாள்ல முடிச்சிடக் கூடாதா?” என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான்.

சிக்கல் என்னன்னா, கட்டிக்குள்ளேயும் கெட்டிக்கார செல்கள் உண்டு. ஸ்டெம் செல் குணம் கொண்ட சில புற்றுசெல்கள், அறுந்த டிஎன்ஏவை மற்றவற்றைவிட நன்றாக ஒட்டிக்கொண்டு தப்பிப்பதை 2006-ல் ‘நேச்சர்’ இதழில் வந்த ட்யூக் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. திரும்ப வரும் கட்டி பெரும்பாலும் பழைய இடத்தை ஒட்டியே முளைக்கிறது. 2005-ல் வெளியான பெரிய ஆய்வில், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 12.1 மாதம், டெமோசோலமைடு மாத்திரையும் சேர்ந்தபோது 14.6 மாதம். கசப்பான கணக்குதான். ஆனால் அந்த மாதங்கள் சும்மா கிடைத்தவை அல்ல.

சிகிச்சையை நடுவில் விட்டால், பிழைத்த செல்கள் பெருக நாமே அவகாசம் கொடுத்த மாதிரி. முடிந்த சில வாரங்களில் எடுக்கும் ஸ்கேனில் கட்டி பெரிதானதுபோலத் தெரிந்து, பிறகு தானாகவே குறைவதும் உண்டு. அதைப் பார்த்து பயந்து மருந்தை நிறுத்திவிடக் கூடாது.

இங்கேதான் என் ஆதங்கம். கயத்தாறிலிருந்து நெல்லை பக்கம்தான். ஆனால் வலிப்பு வரக்கூடிய நோயாளியைத் தனியாக பஸ் ஏற்ற முடியாது. ஆக, 6 வாரத்துக்கு இரண்டு பேர் கூலி போச்சு. சிகிச்சைக் கட்டணத்துக்காவது முதல்வர் காப்பீட்டுத் திட்டம் என்று ஒரு வழி இருக்கிறது. துணைக்கு வருபவரின் கூலிக்கும், ஆஸ்பத்திரி பக்கத்தில் இருவர் தங்க ஒரு அறைக்கும் யாரைக் கேட்பது? என்னைக் கேட்டால், அதையும் சிகிச்சைச் செலவாகவே அரசு எண்ண வேண்டும். மெஷின் வாங்குவதோடு வேலை முடிந்துவிடாது.

வீட்டில் வயதானவருக்கு இந்தச் சிகிச்சை என்றால் இன்னொன்றும் கேளுங்கள்: 40 கிரே கதிரை 15 தவணையில், 3 வாரத்தில் முடிக்கும் முறையும் இருக்கிறது. அவருக்கு அது பொருந்துமா என்று முதல் நாளே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.