மூக்குக்கண்ணாடி காட்டிக்கொடுத்தது

பி.காம். படித்தவனை வில்லனாகப் போட்டு யாரும் சினிமா எடுப்பதில்லை. மிஞ்சிப் போனால் டிரையல் பேலன்ஸில் கை வைப்பான், அவ்வளவுதானே? ஜான் லிஸ்ட் கதையைப் படிக்கும்வரை நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அமெரிக்காவில் நியூஜெர்ஸி மாநிலம், வெஸ்ட்ஃபீல்டு ஊர். லிஸ்ட் ஓர் அக்கவுண்டன்ட். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். வேலை போயிற்று, வீட்டில் மூச்சு விடவில்லை. தினமும் டை கட்டிக் கிளம்பி, ரயில்வே ஸ்டேஷனில் பேப்பர் படித்துவிட்டுத் திரும்புவார். செலவுக்கு அம்மாவின் கணக்கில் கைவைப்பு. கடைசியில், 1971 நவம்பர் 9 அன்று அம்மா, மனைவி, மூன்று பிள்ளைகள் என ஐந்து பேரையும் சுட்டுக் கொன்றார். பாலை நிறுத்தினார், பேப்பரை நிறுத்தினார், விளக்குகளை எரியவிட்டுக் காணாமல் போனார். விஷயம் வெளியே தெரியவே ஒரு மாதம் ஆயிற்று!

பதினேழு வருஷத்துக்கு மேல் தேடினார்கள். கையில் இருந்ததோ பழைய போட்டோ.

1989-இல் ஒரு டி.வி. நிகழ்ச்சிக்காக, பிலடெல்பியா சிற்பி ஃபிராங்க் பெண்டர் களிமண்ணைக் கையில் எடுத்தார். ரிச்சர்ட் வால்டர் என்ற மனோதத்துவ நிபுணரும் கூட இருந்தார். கன்னத்தைத் தொங்கவிடுவது, நெற்றியை ஏற்றுவது எல்லாம் சுலபம். 'இந்த ஆள் தன்னை எப்படிக் காட்டிக்கொள்ள விரும்புவான்?' என்பதுதான் கேள்வி. பெரிய மனுஷனாக! அதற்குத் தடித்த ஃப்ரேம் கண்ணாடிதான் சரி என்று, பழைய சாமான் கடையில் ஒன்றைத் தேடிப்பிடித்து மாட்டினார் பெண்டர்.

மே 21-இல் ஒளிபரப்பு. பழைய பக்கத்து வீட்டுப் பெண்மணி ஒருவர் தகவல் கொடுக்க, ஜூன் 1-இல் வர்ஜீனியாவில் ஆள் அகப்பட்டார். பெயர் ராபர்ட் கிளார்க், புது மனைவி, அதே கணக்கு வேலை. மூக்கில் ஏறக்குறைய அதே கண்ணாடி! ரேகை பொருந்தியது. 1990-இல் ஐந்து ஆயுள் தண்டனை. 2008-இல் கைதியாகவே இறந்தார்.

ஆனால், எனக்குத் தூக்கம் கெட்டது அந்த ஸ்டேஷன் பெஞ்சை நினைத்துத்தான். அதில் எனக்கும் கொஞ்சம் இடம் உண்டு சார். வேலை போனபோது நானும் நாலு நாள் டிபன் பாக்ஸோடு கிளம்பி நூலகத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஐந்தாம் நாள் என் சட்டைப்பையில் நூலகச் சீட்டு.

''ஏங்க, உங்க ஆபீஸ்ல லைப்ரரி திறந்துட்டாங்களா?'' என்றாள் மனைவி.

அன்று ராத்திரி எல்லாவற்றையும் கொட்டினேன். அரை மணி நேரம் திட்டினாள். அப்புறம் தோசை வார்த்தாள்.

வேறு கண்ணாடி வாங்கணும். மெல்லிய ஃப்ரேமே போதும்.