விசைப்பலகையில் தமிழின் ஸ்தானம்

காஞ்சீபுரத்தில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கமாயினும், வக்கீல் குமாஸ்தாவின் மேஜையாயினும், இன்று கம்ப்யூட்டர் இல்லாமல் காரியம் நடப்பது அரிதாகிவிட்டது. புதிதாக வாங்கித் திறந்தவுடன் அது எந்தப் பாஷையில் எழுதச் சித்தமாயிருக்கிறது? இங்கிலீஷில். தமிழ் வேண்டுவோர் அமைப்புகளுக்குள் புகுந்து, தமிழைத் தேடிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். தமிழ் உள்ளே இருக்கிறதே, குறையென்ன என்று சிலர் கேட்கலாம்.

அதற்கு நமது நெசவாளியே பதில் சொல்வார். ஜக்கார்டு பெட்டியில் கோத்த அட்டை எதுவோ, அந்தப் பூவேலையே சேலையில் விழும். அட்டையை மாற்றலாம், மாற்றத் தெரியாதவர் கோத்தவருடைய விருப்பத்தையே நெய்துகொண்டிருப்பார்.

தமிழைச் சேர்த்த பின்னரும் சங்கடம் தீர்ந்ததில்லை. விண்டோஸ் 2000-இல் தமிழுக்கு வாய்த்த விசைப்பலகை, இந்திய பாஷைகள் பலவற்றுக்கும் ஒரே அச்சாக வகுக்கப்பட்ட இன்ஸ்கிரிப்ட். அதில் ழ, ள, ற, ன ஆகிய எழுத்துக்களுக்கு ஷிப்ட் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும். தமிழில் இல்லாத ஒலிகளுக்குரிய விசைகளோ வெறுமனே கிடந்தன. ஐக்கியம் நல்லதே, ஆனால் ஒருவர் அளவுக்குத் தைத்த சட்டையை எல்லோருக்கும் மாட்டுவது ஐக்கியமாகாது.

இத்தனைக்கும் மாற்று வழி அப்போதே வகுக்கப்பட்டிருந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட்99 மகாநாட்டின் பயனாக, தமிழ்நாட்டு சர்க்கார் அவ்வாண்டே தமிழ்99 விசைப்பலகையை அங்கீகரித்தது. அதில் 12 உயிர்களும் 18 மெய்களும் ஷிப்ட் இன்றியே வரும். பின்னாளில் மாக்கின்டாஷிலும் விண்டோஸிலும் அது இடம்பெற்றது. இருந்தும் என்ன? அங்கீகாரம் ஒன்று, அனுஷ்டானம் வேறு.

1956-இலேயே தமிழை ஆட்சி மொழியாக்கச் சட்டமியற்றிய இராஜ்யம் இது. 2011-இல் மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கத் தொடங்கியதும் இதுவே. இவ்வளவு பெரிய கொள்முதல்காரர் கேட்டால் எந்தக் கம்பெனி மறுக்கும்? பொதுப் பணத்தில் வாங்கும் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும், திறந்தவுடன் தமிழ்99 சித்தமாயிருக்க வேண்டும்; விசைகளின் மேல் தமிழெழுத்துக்கள் பொறித்திருக்க வேண்டும். டெண்டரில் இதற்கென ஒரு ஷரத்தைச் சேர்த்தால் போதும்.

இது பலவந்தமன்று. இங்கிலீஷ் எழுத்தைத் தட்டித் தமிழ் பெறுவோர் அவ்வாறே பெறட்டும். மாற்றிக்கொள்ளும் உரிமை யாவருக்கும் இருக்கட்டும். மாற்றிக்கொள்ளும் சிரமம் மட்டும் எந்நாளும் தமிழின் தலையிலேயே விழலாகாது. சர்க்கார் உத்தரவு வரும்வரை நமது சங்கங்கள் காத்திருக்க வேண்டுவதுமில்லை. தம் மேஜைமீதுள்ள கம்ப்யூட்டரில் அவை நாளையே இதைத் தொடங்கலாம்.