பெட்டி போகும் வழி

ஒட்டன்சத்திரம் மண்டிக்கு வரும் தக்காளிப் பெட்டி ஒன்று 14, 15 கிலோ பிடிக்கும். அன்றைய விலை என்னவென்று அதைக் கொண்டுவந்த விவசாயிக்கு ஏலம் முடியும்வரை தெரியாது. கட்டுபடியாகவில்லை என்று திருப்பி எடுத்துப்போகவும் வழியில்லை. பழம் தாங்காது, வண்டி வாடகை வேறு, போதாக்குறைக்கு விதைக்கும் உரத்துக்கும் அதே மண்டியில் வாங்கிய முன்பணம் நிற்கும். அந்த முன்பணத்தைத் தந்த கமிஷன் கடைக்காரரை ஏசுவது எளிது. ஆனால் அடமானம் கேட்காமல் அவசரத்துக்குக் கடன் தருபவரும் அவர்தான். 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கிய, விவசாயியே நேரடியாக விற்கும் உழவர் சந்தை இந்த மண்டிப் பிணைப்பை ஓரளவு தளர்த்தியது. விவசாயிக்கு அடையாள அட்டை, இலவசத் தராசு, காலையில் பலகையில் எழுதப்படும் விலை என்று ஏற்பாடு கச்சிதம்தான். ஆனால் அரை ஏக்கர் கீரைக்குப் பொருந்துவது, ஒரே வாரத்தில் டன் கணக்கில் பழுக்கும் தக்காளிக்குப் பொருந்தாது. அதற்குத் தரம் பிரிக்கும் கூடம், குளிர்பதனக் கிடங்கு, கூழாக்கும் ஆலை எல்லாம் வேண்டும். தனி ஆளால் ஆகிற காரியமல்ல. 2002-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டத் திருத்தம், விவசாயிகளே பங்குதாரர்களாகச் சேர்ந்து நடத்தும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கு வழிவிட்டது. 2020-இல் மத்திய அரசு இதுபோல் இன்னும் 10,000 அமைப்புகளை உருவாக்கத் திட்டம் வகுத்தது. எண்ணிக்கையில் குறையில்லை. ஆனால் பல நிறுவனங்கள் உரமும் விதையும் விற்கும் கடையாகவே நின்றுவிடுகின்றன, காரணம் விளைச்சலை வாங்கப் புழங்கும் பணம் இல்லை. அறுவடை நாளில் கைமேல் காசு தராவிட்டால் பங்குதாரரே அங்கே பெட்டியை இறக்கமாட்டார். வண்டி மண்டிக்குத்தான் போகும்.