படியை நம்பி மூலத்தை அழித்தல்

'இரண்டாம் முறை அஞ்சல்பெட்டி நொடியில் திறக்கிறது, சோதித்துப் பார்த்தேன், ஏற்கலாம்.' மின்னஞ்சல் மென்பொருளொன்றில் கேஷ் என்னும் தேக்கத்தைச் சேர்க்கும் நிரல் திருத்தம் முன்வைக்கப்படும்போது, சீராய்வாளர் இப்படி ஒரு வரி எழுதி ஒப்பமிடுவாரானால் அவர் அத்திருத்தத்தைச் சீராயவே இல்லை என்பது நம் கட்சி. தேக்கி வைத்ததைத் திரும்ப எடுத்தால் விரைவாகத்தான் இருக்கும். அதைக் கண்டுபிடிக்கச் சீராய்வாளர் வேண்டியதில்லை, சுவர்க்கடிகாரம் போதும்.

தமிழ் படித்தவர்களுக்கு நிரலில் என்ன வேலை என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். படி, மூலம், பாடபேதம் என்பவற்றோடு இருபது ஆண்டுகள் மல்லாடியவர்களுக்கு இதில் சொல்ல ஒன்றிரண்டு உண்டு என்றே கருதுகிறோம். அன்றியும், இதில் அடிபட்டவர்கள் நாம்.

நம் துறையின் அஞ்சல் வழங்கி ஒரு கோடை விடுமுறையில் மாற்றப்பட்டது. மடல்கள் யாவும் புதிய இடத்துக்கு வந்துசேர்ந்தன. ஆனால் அவற்றுக்கு முதலிலிருந்து புதிய எண்கள் இடப்பட்டன. நாம் பயன்படுத்திய மென்பொருளோ பழைய பட்டியலையே காட்டிக்கொண்டிருந்தது. அப்பட்டியலில் கடன் அட்டை விளம்பரம் ஒன்று கிடந்தது. திறந்து பாராமலே நீக்கினோம். அந்த எண்ணில் வழங்கியில் அப்போது இருந்தது விளம்பரமன்று, ஆய்வு மாணவி ஒருவர் தம் மூன்றாம் இயலை இணைத்து அனுப்பியிருந்த மடல். நெறியாளருக்கு இயல் பிடிக்கவில்லை போலும் என்றெண்ணி அவர் மூன்று வாரம் வாய்திறக்கவில்லை. பிறகு தயங்கித் தயங்கி வந்து கேட்டபோதுதான் செய்தி வெளிப்பட்டது. அனுப்பிய படி அவரிடம் இருந்ததால் இயல் பிழைத்தது. அந்த மூன்று வாரங்களை அவருக்கு யார் திருப்பிக் கொடுப்பது?

ஏட்டைப் பார்த்துப் படியெடுத்தவர் பிழைபட எழுதினாலும் மூல ஏட்டுக்கு ஊறில்லை. இங்கோ பழைய படியைப் பார்த்துக்கொண்டு மூலத்தை அழிக்கிறோம்.

இதற்கு விதி இல்லாமலில்லை. ஐமேப் நெறிமுறையில் ஒவ்வொரு மடலுக்கும் அதன் பெட்டிக்குள் ஓர் எண் உண்டு. பெட்டிக்கென்று 'யுஐடி வேலிடிட்டி' என்னும் வேறோர் எண்ணும் உண்டு. இரண்டாம் எண் மாறாதவரை முதல் எண்ணை நம்பலாம். மாறிவிட்டால் நினைவில் வைத்த எண்கள் யாவும் செல்லாக்காசு. 2003இல் வந்த ஆர்எஃப்சி 3501 இதைத் தெளிவாக வகுத்திருக்கிறது. 2006இன் ஆர்எஃப்சி 4549 இன்னும் ஓரடி மேலே சென்று, அவ்வெண் மாறினால் தேக்கத்தைக் காலி செய்வது மட்டுமன்றி, நிலுவையில் நிற்கும் நீக்கல், நகர்த்தல் போன்ற செயல்களையும் கைவிட வேண்டும் என்கிறது. நம் மென்பொருளை எழுதியவர் இவற்றைப் படிக்காதவராக இருக்கலாம். அவர் எழுதியதை ஒப்புக்கொண்டவரும் படிக்கவில்லையே என்பதுதான் நம் வருத்தம்.

குறை ஆட்களிடம் மட்டுமன்று, படிக்கும் முறையிலும் உள்ளது. சீராய்வாளர் முன் வைக்கப்படுவது மாறிய வரிகளின் பட்டியல். தேக்கத்தின் பிழையோ பெரும்பாலும் மாறாத வரிகளில் உறைகிறது. மடலை நீக்கும் பகுதி, வேறு பெட்டிக்கு நகர்த்தும் பகுதி, பெட்டியின் பெயரை மாற்றும் பகுதி ஆகியவை என்றோ எழுதப்பட்டவை. தேக்கம் என ஒன்று பிறந்திருப்பதை அவற்றுள் ஏதேனும் ஒன்றுக்கு அறிவிக்காமல் விட்டால், அந்த இடத்தில் பொய் நுழையும். பட்டியலில் அந்த இடமே வராது. பெட்டியின் பெயரை மட்டும் திறவுகோலாகக் கொண்ட தேக்கத்தை எண்ணிப்பாருங்கள். பயனர் பழைய பெட்டியின் பெயரை மாற்றிவிட்டு அதே பெயரில் புதியதொன்றைத் தொடங்கினால் பழைய மடல்களின் தலைப்புகள் புதிய பெட்டியில் உலாவும். சேர்க்கப்பட்ட நூறு வரிகளை எத்தனை முறை படித்தாலும் இது புலப்படாது. பிழைதிருத்தப் பட்டியலை மட்டும் படித்துவிட்டு நூலுக்கு மதிப்புரை எழுதுவோரைத் தமிழிலும் கண்டிருக்கிறோம்; அது வேறு கதை.

நல்ல எடுத்துக்காட்டும் கெட்ட எடுத்துக்காட்டும் ஒரே வீட்டில் கிடைக்கின்றன. 1995இல் மைக்கேல் எல்கின்ஸ் தொடங்கிய மட் என்னும் மென்பொருளில், மடல்களின் தலைப்புகளைத் தேக்கும் வசதி முதலில் தனித் திருத்தமாக வெளியே உலவி, பிறகு உள்ளே சேர்க்கப்பட்டது. அத்தேக்கம் நினைவகத்தில் உள்ள தரவு அமைப்பை ஏறத்தாழ அப்படியே வட்டில் எழுதுவது. அடுத்த பதிப்பில் அவ்வமைப்பு மாறினால் பழைய பைட்டுகள் உளறலாகிவிடும். எனவே மென்பொருளைத் தொகுக்கும்போதே அமைப்பின் வரையறைகளிலிருந்து ஒரு சுருக்கக் குறியைக் கணித்துத் தேக்கத்தோடு சேர்த்து வைக்கிறார்கள். குறி பொருந்தாவிட்டால் தேக்கியது இல்லாததாகவே கொள்ளப்படும். 'இது என்றைக்குப் பொய்யாகும்?' என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். அதற்கு நிரலிலேயே விடை எழுதியிருக்கிறார்கள்.

அதே மட்டில், பாப் வழியே வரும் மடல்களின் முழு உடலையும் தேக்கும் பகுதி இருந்தது. தேக்கக் கோப்புக்குப் பெயராக, மடலுக்கு வழங்கி தரும் அடையாளக் குறியைப் பயன்படுத்தினார்கள். 1996ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 1939 அக்குறியில் 70 எழுத்துகள் வரை அனுமதிக்கிறது. அனுமதித்த எழுத்துகளில் சாய்கோடும் ஒன்று. சாய்கோடு கோப்புப் பாதையைப் பிரிப்பது. ஆகவே தீய வழங்கியொன்று, தேக்கக் கோப்புறைக்கு வெளியே கைவைக்க வழி கிடைத்தது. 2018 ஜூலையில் 1.10.1 பதிப்பில் அது அடைக்கப்பட்டது. மட்டிலிருந்து கிளைத்த நியோமட்டும் அதே மாதம் திருத்திக்கொண்டது. அடைத்த வரிகள் மிகச் சில. கோப்புக்கு யார் பெயர் வைக்கிறார்கள் என்ற கேள்வி முதல்நாளே எழுந்திருந்தால் அன்றே அவற்றை எழுதியிருக்கலாம்.

கட்டற்ற மென்பொருளில் சீராய்வு செய்வோர் தன்னார்வலர், ஊதியம் பெறாதோர், அவர்மீது இத்தனை சுமையா என்பது நமக்குச் சொல்லப்படும் மறுமொழி. மதிக்கிறோம். ஆயினும் எழுத்துக்கு முன் இடைவெளி எத்தனை, பெயரில் அடிக்கோடு வரலாமா என்று பத்துச் சுற்று வாதாட அதே தன்னார்வலர்க்கு நேரம் கிடைக்கிறதே! நாம் வேகத்தின் பகைவரும் அல்லேம். இருபதாயிரம் மடல் உள்ள பெட்டியை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து இறக்குவது நலிந்த இணைப்பில் எத்தகைய தண்டனை என்பதை நம்மூர்க் கல்லூரிகளில் பணிபுரிவோர்க்கு விளக்க வேண்டியதில்லை. தேக்கம் வேண்டும். ஆனால் வேகத்தின் பயன் அன்றே கண்ணுக்குத் தெரிகிறது. பொய்யின் விலையைப் பிறிதொரு நாளில் பிறிதொருவர் கொடுக்கிறார். அந்தப் பிறிதொருவருக்காகப் பேச அவ்விடத்தில் இருப்பவர் சீராய்வாளர் ஒருவரே.

சோதனையும் கடினமன்று. ஒரு பெட்டியில் பத்து மடல்களை இட்டு மென்பொருளில் திறந்து மூடவேண்டும். வேறு வழியாக வழங்கியில் அப்பெட்டியை நீக்கி, அதே பெயரில் மீண்டும் உருவாக்கி, அம்மடல்களை வரிசை மாற்றி இடவேண்டும். பிறகு மென்பொருளைத் திறந்து, தலைப்பும் உடலும் பொருந்துகின்றனவா என்று பார்க்கவேண்டும். கணிப்பொறித் துறை நண்பர் துணையோடு, நம்மை ஏய்த்த அதே மென்பொருளில் இதைச் செய்து பார்த்தோம். கால்மணி நேரம் ஆயிற்று. பட்டியல் நொடியில் திறந்தது. பத்துத் தலைப்புகளும் பழைய வரிசையிலேயே நின்றன.